நனைந்து தொங்கும் ஃபால்ஸ் சீலிங்கைப் பட்டி பார்த்து மூடலாமா?

கேள்வி: சென்னை வேளச்சேரியில் நான்கு மாடிக் குடியிருப்பு ஒன்றின் இரண்டாம் மாடியில் வசிக்கிறோம். ஏழு ஆண்டுகளுக்கு முன் வரவேற்பறைக்கும் அதை ஒட்டிய நடைக்கும் ஜிப்சம் போர்டில் ஃபால்ஸ் சீலிங் போட்டோம். ஐப்பசியில் நடையின் சீலிங்கில் பழுப்பு நிறத்தில் ஒரு கறை தெரிந்தது. இப்போது அது சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் பரவி, அந்த இடம் ஓர் அங்குலம் கீழே தொங்குகிறது. மேல்வீட்டுக் குளியலறை அதற்கு நேர் மேலே இருக்கிறது. ஆனால் அவர்கள், "எங்கள் வீட்டில் ஒழுகல் எதுவும் இல்லை, மழைத் தண்ணீராக இருக்கும்" என்கிறார்கள். பட்டி பார்த்து இரண்டு கோட் அடித்தால் சரியாகிவிடும் என்கிறார் பெயின்டர். சீலிங் போட்டவரோ முழுவதையும் பிரித்துப் புதிதாகப் போட வேண்டும் என்கிறார். இது போதாதென்று, ஏசி மெக்கானிக் குழாய் மாற்றியபோது வரவேற்பறைச் சீலிங்கில் உள்ளங்கை அளவுக்கு ஓட்டை விழுந்துவிட்டது. ஓய்வுபெற்ற என் கணவர் இரண்டையும் தானே சரிசெய்துவிடலாம் என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: பெயின்டர் சொல்வது தவறு. சீலிங் போட்டவர் சொல்வது தேவைக்கு மிஞ்சியது. உங்கள் கணவர் சொல்வதில் பாதி சரி. காரணங்களைச் சொல்வதற்கு முன், இந்தப் பதிலைப் படித்த கையோடு நீங்கள் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது.

வீட்டுச் சீலிங்குகளுக்கு நம் ஊரில் பெரும்பாலும் 12.5 மி.மீ. தடிமனுள்ள போர்டைத்தான் போடுகிறார்கள். 6 அடிக்கு 4 அடி அளவுள்ள ஒரு முழு போர்டு, காய்ந்த நிலையிலேயே ஏறத்தாழ 20 கிலோ இருக்கும். அது தண்ணீரை உறிஞ்சினால் எடை கூடும். மேலே தேங்கி நிற்கும் ஒவ்வொரு லிட்டரும் இன்னொரு கிலோ. இந்த எடையையெல்லாம் தாங்குவது, திருகாணிகளின் தலையைப் பிடித்திருக்கும் போர்டின் காகித உறைதான். அது ஊறிவிட்டால், போர்டை மாட்டியிருக்கும் தகரச் சேனலிலேயே திருகாணி நின்றுகொள்ள, போர்டு மட்டும் திருகாணித் தலையைச் சுற்றிக் கிழிந்து இறங்கிவிடும். ஓர் அங்குலம் தொங்குகிறது என்றால் அந்த நிலை வெகு தூரத்தில் இல்லை. ஆகவே நடையின் விளக்குகளுக்குரிய எம்சிபியை (மின்பெட்டியில் உள்ள சுவிட்சை) இறக்கிவிட்டு, கீழே இருக்கும் சாமான்களை அப்புறப்படுத்தி, ஒரு வாளியை வைத்து, நேர் அடியில் நிற்காமல் சற்று ஒதுங்கி நின்று, தொங்கலின் மிகத் தாழ்ந்த இடத்தில் மெல்லிய ஸ்க்ரூ டிரைவரால் ஒரு துளை போடுங்கள். தண்ணீர் தேங்கியிருந்தால் வடிந்துவிடும். தேங்கவில்லை என்றாலும் நஷ்டம் இல்லை, எப்படியும் வெட்டி எடுக்கப்போகிற பகுதிதான் அது. துடைப்பக் கட்டையால் முட்டுக் கொடுத்து மேலே தள்ளிப் பார்க்கும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள்.

இனி பெயின்டர் சொன்ன யோசனைக்கு வருகிறேன். ஜிப்சம் என்பது நீரைத் தன்னுள் கட்டிவைத்திருக்கும் ஒரு கால்சியம் உப்பு. தண்ணீரில் சிறிதளவு கரையவும் கரையும். போர்டுக்கு உறுதி தருவதில் இருபுறமும் ஒட்டியிருக்கும் காகிதத்துக்குப் பெரும் பங்கு உண்டு. உள்ளே இருக்கும் ஜிப்சம் நனைந்து, காகிதம் அதிலிருந்து விட்டுப்போன பிறகு, அந்தப் பகுதி காய்ந்தாலும் தொங்கிய வடிவத்திலேயே காயும். பழைய மட்டத்துக்குத் திரும்பாது. அதன்மேல் பட்டி பார்ப்பது, ஏற்கெனவே பலம் இழந்த பலகைக்கு மேலும் சுமை ஏற்றுவதுதான். கறையும் போகாது, தண்ணீரில் கரையும் அந்தப் பழுப்பு நிறம், தண்ணீர் கலந்து அடிக்கும் எமல்ஷன் பெயின்ட்டிலும் கரைந்து, எத்தனை கோட் அடித்தாலும் மேலே எழும்பி வரும். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். தொழிலுக்கு வந்த புதிதில், பொங்கலுக்குள் முடித்துத் தர வேண்டும் என்ற அவசரத்தில் ஒரு வீட்டில் கறைக்கு மேலேயே மூன்று கோட் அடித்துக் கொடுத்தேன். மாசி பிறப்பதற்குள் அதே இடத்தில் அதே வடிவில் கறை வந்துவிட்டது. வீட்டுக்காரர் திட்டவில்லை, கூப்பிட்டு, நாற்காலியில் உட்கார வைத்து, ஒன்றும் பேசாமல் விரலால் மேலே காட்டினார்.

அடுத்து, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பது. இதைக் கண்டுபிடிக்காமல் சீலிங்கில் கைவைத்தால் செலவும் உழைப்பும் வீண். உங்களுக்கு மேலே இன்னும் இரண்டு மாடிகள் இருப்பதால், மொட்டைமாடித் தண்ணீர் அவற்றையெல்லாம் கடந்து உங்கள் நடைக்கு வந்து சொட்டுவது அபூர்வம். நடை வெளிச்சுவரை ஒட்டாமல் வீட்டின் நடுவில் இருந்தால் மழைச் சாரலும் காரணமாக முடியாது. மழைநீர் இறங்கும் குழாய் அருகில் எங்கேனும் உள்வழியாகச் செல்கிறதா என்பதை மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். அது இல்லை என்றால் மேல்வீட்டுக் குளியலறைதான் முதல் சந்தேகம். அதற்காக அவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று எண்ண வேண்டாம். குளியலறைத் தளத்தைத் தாழ்த்திக் கட்டி, அந்தப் பள்ளத்தில் குழாய்களைப் பதித்து, செங்கல் உடைசலையோ கப்பியையோ போட்டு நிரப்பி, அதன்மேல் டைல்ஸ் ஒட்டுவதுதான் நம் அடுக்குமாடிக் கட்டடங்களில் நெடுநாள் வழக்கம். டைல்ஸ் இடுக்கு வழியாகவோ, தரைத் தண்ணீர் வடியும் வாயான நஹானி ட்ராப்பைச் சுற்றியோ இறங்கும் தண்ணீர் அந்தப் பள்ளத்தில் மாதக்கணக்கில் சேர்ந்துகொண்டே இருக்கும். மேலே இருப்பவர் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது; நிறைந்த பிறகு உங்கள் வீட்டில்தான் தெரியும்.

தண்ணீர் வரும் நேரத்தை வைத்தே பாதி விஷயத்தைச் சொல்லிவிடலாம். ஒரு வாரம், எந்த நேரத்தில் சொட்டுகிறது, எப்போது நிற்கிறது என்று ஒரு தாளில் குறித்து வாருங்கள். இரவும் பகலும் ஒரே சீராகச் சொட்டினால், எப்போதும் அழுத்தத்தில் இருக்கும் தண்ணீர்க் குழாயில் பழுது. காலையில் குளிக்கும் நேரத்துக்குப் பின் கூடி, மத்தியானத்தில் குறைந்தால் கழிவு நீர் போகும் வழியில் பழுது. மேல்வீட்டார் நான்கு நாள் ஊருக்குப் போய்வந்தால் அதைவிட நல்ல சோதனை கிடையாது, ஆனால் அதிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. பள்ளத்தில் ஊறியிருக்கும் கப்பி சில நாள்கள் தொடர்ந்து கசியும் என்பதால், அவர்கள் போன மறுநாளே சொட்டு நிற்கவில்லை என்பதை வைத்து, மேல்வீடு காரணமில்லை என்று முடிவுகட்டிவிடக் கூடாது. கறையின் ஓரத்திலோ, தளத்தின் அடிப்பகுதியிலோ வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால், தண்ணீர் கான்கிரீட்டுக்குள் ஊடுருவி வருகிறது என்று பொருள்.

இதற்கெல்லாம் பிறகும் சண்டை தீரவில்லை என்றால், கடையில் ஒரு பொட்டலம் கேசரிப் பவுடர் வாங்கிக்கொண்டு, மேல்வீட்டாரின் சம்மதத்தோடு, இருவரும் பார்க்கச் சோதியுங்கள். அதற்கு முன் கறை இருக்கும் இடத்தில் கை நுழையும் அளவுக்குச் சீலிங்கில் வெட்டி, மேலே உள்ள தளத்தின் அடிப்பகுதி கண்ணுக்குத் தெரியும்படி செய்துகொள்ள வேண்டும். முதல் நாள் ஒரு வாளித் தண்ணீரில் பவுடரைக் கரைத்துத் தரையில் உள்ள ட்ராப்பில் மட்டும் ஊற்றுங்கள். அடுத்த நாள் வாஷ்பேசின் வழி, அதற்கடுத்த நாள் கழிப்பறைக் கோப்பை வழி. கடைசியாக, ட்ராப்பின் வாயைத் துணியால் அடைத்து, தரையில் இரண்டு விரற்கடை உயரத்துக்கு நிறமேற்றிய தண்ணீரை ஒரு நாள் முழுக்க நிற்க விடுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்தால் எந்த வழியில் நிறம் வந்தது என்று தெரியாமல் போகும். ஆரஞ்சு நிறத்தில் ஒரு சொட்டு உங்கள் வாளியில் விழுந்துவிட்டால் அதற்குமேல் வாதமே இருக்காது. வாதம் முடிந்தபின் வைத்தியத்தை மேல்வீட்டுக் குளியலறையில்தான் செய்ய வேண்டும். கீழேயிருந்து, உங்கள் தலைக்கு மேலுள்ள தளத்தின் அடியில் எதையாவது பூசித் தண்ணீரை நிறுத்திவிடுவதாகச் சொல்பவர்களை நான் நம்புவதில்லை. தண்ணீர் உங்கள் பக்கம் வருவது நிற்கலாம்; ஆனால் அது தளத்துக்குள்ளேயே தங்கி, கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும்.

ஒழுகல் சரியான பிறகும் குறைந்தது இரண்டு வாரம் காத்திருங்கள். வெட்டிய துளையைத் திறந்தே வையுங்கள். அதன் வழியே மின்விசிறிக் காற்று போனால் இன்னும் நல்லது. மார்கழி வரை சென்னைக் காற்றில் உள்ள ஈரத்தில் எதுவும் ஒழுங்காகக் காயாது. அதனால் இறுதி வேலையைத் தை பிறந்த பிறகு வைத்துக்கொள்வதே என் யோசனை.

இப்போது, எவ்வளவு வெட்ட வேண்டும் என்பது. சீலிங் போட்டவர் முழுவதையும் பிரிக்கச் சொல்வதற்குத் தொழில்முறையில் ஒரு காரணம் உண்டு: ஒட்டுவேலை மெனக்கெட்ட வேலை, வருமானம் குறைவு. ஆனால் போர்டு என்பது துண்டு துண்டாக மாற்றுவதற்கு வசதியான பொருள். கறையின் நடுவிலிருந்து தொடங்கி வெளிப்பக்கமாகக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே போங்கள். விரல் பதிந்தாலோ, காகிதம் வழுக்கினாலோ, கரும்புள்ளியாகப் பூசணம் தெரிந்தாலோ அந்த இடம் போக வேண்டியது. கறை மட்டும் இருந்து, போர்டு காய்ந்து, கெட்டியாக, மட்டமாக இருந்தால் அதை விட்டுவிடலாம்.

கெட்டுப்போன பகுதியின் ஓரத்தோடு வெட்டுவதில்லை. போர்டுக்கு மேலே 18 அங்குல இடைவெளியில் தகரச் சேனல்கள் ஓடும். நல்ல பகுதி தொடங்கிய பிறகு வரும் முதல் சேனலின் நடுக்கோடு வரை வெட்ட வேண்டும். அப்போதுதான் பழைய போர்டின் ஓரமும் புதிய துண்டின் ஓரமும் ஆளுக்குப் பாதியாக அந்தச் சேனலில் உட்காரும். சேனல் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கக் கருவி எதுவும் தேவையில்லை. பழைய ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தம் ஒன்றை மெல்லிய துணியில் சுற்றிச் சீலிங்கில் தேய்த்துக்கொண்டே போனால், திருகாணி இருக்கும் இடத்தில் வெடுக்கென்று பிடிக்கும். அப்படிப் பிடிக்கும் புள்ளிகளைப் பென்சிலால் குறித்து இணைத்தால் அதுதான் சேனல் கோடு. வெட்டுவதற்கு முன் துளை வழியே கைப்பேசியை நுழைத்து நான்கு பக்கமும் படம் எடுத்துப் பாருங்கள். மின்கம்பிகள் பெரும்பாலும் போர்டின் முதுகின் மேலேயே கிடக்கும். கத்தி ஆழமாகப் போனால் வெட்டுப்படுவது அதுதான். அதிக ஆழம் போகாதபடி வெட்டுக்கத்தியால் இரண்டு மூன்று முறை கீறி எடுப்பது ரம்பத்தைவிடப் பாதுகாப்பானது.

வெட்டிய பின் தெரியும் சேனல்களையும் பாருங்கள். வெள்ளைப் பூச்சாகப் படிந்திருப்பது, தகரத்தின் மேலுள்ள துத்தநாகப் பூச்சு மட்டுமே அரித்ததைக் காட்டும். துணியால் துடைத்தால் போதும். செந்நிறத் துரு ஏறி, நகத்தால் கீறினால் பொருக்காக உதிர்ந்தால் அந்தத் துண்டை மாற்ற வேண்டும்.

புதிய துண்டு பழைய போர்டின் அதே தடிமனில் இருக்கட்டும். மேலே குளியலறை இருப்பதால் பச்சைக் காகிதம் ஒட்டிய ஈரத்தைத் தாங்கும் போர்டை வாங்குங்கள். அது ஒழுகலைத் தாங்காது, காற்றிலுள்ள ஈரத்தைத்தான் தாங்கும், இருந்தாலும் விலை வித்தியாசத்துக்கு அது தகும். துண்டைத் திறப்பைவிட ஒவ்வொரு பக்கமும் 3 மி.மீ. குறைவாக வெட்டுங்கள், இறுக்கித் திணித்தால் ஓரம் நொறுங்கும். சேனல் இல்லாத பக்கங்களில் குறுக்கே ஒரு சேனல் துண்டை வைத்து, நான்கு ஓரமும் ஏதாவது ஒன்றின் மேல் உட்காரும்படி செய்ய வேண்டும். இதைச் செய்யாமல் விட்ட ஒட்டுகளில்தான் பிறகு வெடிப்பு வருகிறது. திருகாணி 25 மி.மீ. நீளத்தில் போதும், 9 அங்குலத்துக்கு ஒன்று, ஓரத்திலிருந்து அரை அங்குலம் உள்ளே. அதன் தலை காகிதத்தைச் சற்றே குழியாக அழுத்தி நிற்க வேண்டும், கிழித்துக்கொண்டு உள்ளே போகக் கூடாது. கிழிந்துவிட்டால் அந்தத் திருகாணி இருந்தும் இல்லாததுதான். இரண்டு அங்குலம் தள்ளி இன்னொன்று போடுங்கள்.

இனி வருவதுதான் வேலையின் உயிர். தொழிற்சாலையிலிருந்து வரும் போர்டின் நீளவாட்டு ஓரங்கள் சற்றே சரிந்திருக்கும். இரண்டு போர்டுகள் சேரும்போது உண்டாகும் அந்த ஆழமற்ற பள்ளத்தில் டேப்பும் பட்டியும் மறைந்துகொள்ளும். நீங்கள் வெட்டிய துண்டுக்கோ பழைய போர்டின் வெட்டு ஓரத்துக்கோ அந்தச் சரிவு கிடையாது. அங்கே டேப் ஒட்டிப் பட்டி பார்த்தால், விளக்கு வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது நான்கு பக்கமும் வரப்பு போலத் தெரியும். இதைத் தவிர்க்க, வெட்டிய ஓரங்களைக் கத்தியால் சாய்வாகச் சீவி, தூசியைத் துடைத்து, ஜாயின்ட் கம்பவுண்டை (போர்டு இடுக்குகளுக்கென்றே விற்கும் பட்டியை) இடுக்குக்குள் அழுத்தி நிரப்பிக் காயவிடுங்கள். பிறகு மெல்லிய பூச்சு ஒன்று பூசி, அது ஈரமாக இருக்கும்போதே காகித டேப்பைப் பதித்து, பட்டித் தகடால் நடுவிலிருந்து இருபுறமும் வழித்து அடியில் உள்ள காற்றை வெளியேற்றுங்கள். இரண்டாம் கோட் 8 அங்குல அகலம், மூன்றாம் கோட் ஓர் அடி அகலம் என்று விரித்துக்கொண்டே போக வேண்டும். அப்போது மேடு இருக்கும். ஆனால் அது ஓர் அடிக்குள் படிப்படியாகக் கரைந்துவிடுவதால் கண்ணுக்குத் தெரியாது. ஒவ்வொரு கோட்டும் நன்றாகக் காய்ந்த பிறகே அடுத்தது. சாதாரண நாள்களிலேயே ஒரு கோட்டுக்கு ஒரு நாள் விட வேண்டும். கடைசியில் 150 எண் எமரித் தாளால் மெல்லத் தேய்த்து, கைவிளக்கைச் சீலிங்கை ஒட்டிப் பிடித்துப் பார்த்தால் மேடு பள்ளம் உடனே தெரியும். தேய்க்கும்போது மூக்குக்கு முகக்கவசமும் கண்ணுக்குக் கண்ணாடியும் கட்டாயம்.

இந்த இடத்தில் பலர் வெள்ளை சிமென்ட் பட்டியையோ, பாரிஸ் சாந்தையோ அப்பிவிடுகிறார்கள். இரண்டும் சுவருக்கு நல்லவை. அசைவுள்ள போர்டு இடுக்கில் இரண்டும் விறைத்து, முதல் கோடையிலேயே மயிரிழை வெடிப்பு விடும். கம்பவுண்ட் கேட்டால் கடைக்காரர் "எல்லாம் ஒன்றுதான்" என்று வேறு பையை எடுத்துப் போடக்கூடும். பையின் மேல் இருப்பதைப் படித்து வாங்குங்கள்.

ஏசி மெக்கானிக் விட்டுப்போன ஓட்டையை உங்கள் கணவர் தாராளமாகச் செய்யலாம். ஓட்டையைச் சீராகச் சதுரமாக்கி, அதைவிட நான்கைந்து அங்குலம் நீளமான இரண்டு சேனல் துண்டுகளை உள்ளே நுழைத்து, பழைய போர்டின் முதுகில் படியும்படி கீழிருந்து திருகாணி போட்டு நிறுத்த வேண்டும். பிளைவுட் பட்டையும் வைக்கலாம், ஆனால் கரையானுக்கு ஏன் வழிகாட்ட வேண்டும் என்பதால் நான் தகரத்தையே வைப்பேன். பிறகு அவற்றின் மேல் போர்டுத் துண்டை வைத்து முடுக்கி, மேலே சொன்னபடியே டேப்பும் மூன்று கோட்டும். அதை மூடுவதற்கு முன் மெக்கானிக் மாற்றிய செம்புக் குழாயைத் தொட்டுப் பாருங்கள். அதைச் சுற்றிய கருப்பு ரப்பர் உறை எங்காவது விட்டுப்போயிருந்தால், ஏசி ஓடும்போதெல்லாம் அங்கே வியர்த்துச் சொட்டி, அடுத்த கறை அங்கே தொடங்கும். தண்ணீர் வெளியேறும் குழாய்க்கு வாட்டம் இருக்கிறதா என்பதையும் ரசமட்டம் வைத்துப் பார்த்துவிடுவது நல்லது.

நடைப் பகுதியை அவர் தனியாகச் செய்ய வேண்டாம். ஏணியில் நின்றபடி தலைக்கு மேல் ஒரு கையால் போர்டைத் தாங்கி, மறு கையால் திருகாணி முடுக்குவது இளைஞர்களுக்கே கடினம். ஈரமான பகுதியைப் பிரிக்கும்போது எதிர்பாராத பெரிய துண்டு ஒன்று வருவதும் உண்டு. சாரம் வைத்து இரண்டு பேர் செய்யட்டும், எலெக்ட்ரீஷியன் ஒருமுறை கம்பிகளைப் பார்க்கட்டும். கணவர் மேற்பார்வை பார்க்கலாம். நான்கு ஓரமும் சேனலில் உட்கார்ந்திருக்கிறதா, காகித டேப் போட்டார்களா, கோட்டுக்குக் கோட் காயவிட்டார்களா என்று கேட்க ஓர் ஆள் அருகில் இருந்தாலே வேலையின் தரம் கூடிவிடும். பேரம் பேசும்போது சதுர அடிக் கணக்குக்கு யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்; இத்தனை சிறிய வேலைக்கு நாள்கூலி அடிப்படையில், காயவிடும் நாள்களையும் சேர்த்து, மூன்று முறை வந்துபோக வேண்டும் என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் மூன்று கோட்டையும் ஒரே நாளில் பூசிவிட்டுப் போய்விடுவார்கள்.

ஒரு சின்ன ஏற்பாட்டையும் சேர்த்துச் செய்துகொள்ளச் சொல்வேன். மேல்வீட்டுக் கழிவுக் குழாயின் இணைப்புகள் உங்கள் நடைக்கு மேலேதான் இருக்கின்றன என்று துளை வழியே பார்த்தபோது தெரிந்தால், அந்த இடத்தை மறுபடியும் நிரந்தரமாக மூடாமல், ஒன்றரை அடிச் சதுரத்தில் திறந்து மூடும் ட்ராப் டோர் ஒன்று வைத்துவிடுங்கள். வெள்ளை நிறத்தில் சட்டத்தோடு கடைகளில் கிடைக்கிறது. நடையில் யாரும் அண்ணாந்து பார்க்கப்போவதில்லை. அப்படி வைத்தால் மேலே சொன்ன ஒட்டுவேலையும் அதன் சட்டத்தைச் சுற்றி மட்டும் என்று குறைந்துவிடும்.

இவையெல்லாம் முடிந்த பிறகு பெயின்டரைக் கூப்பிடலாம். மிச்சமிருக்கும் கறையின் மேல் முதலில் எண்ணெய் கலந்த பிரைமர் ஒரு கோட் அடித்துக் கறையை அடைக்கச் சொல்லுங்கள். அதன்மேல் வழக்கமான எமல்ஷன். ஒட்டுப்போட்ட இடத்தில் மட்டும் அடித்தால் ஏழு ஆண்டு பழைய வெள்ளையோடு புது வெள்ளை சேராது. நடை முழுவதற்கும், சுவர் வரைக்கும், ஒரே நாளில் அடித்து முடிக்கச் சொல்லுங்கள்.